‘எழுதிக் கொடுத்துடும்மா!’ - செட்டில்மென்ட்டா, உயிலா? ஒரு டீச்சரம்மா கேட்ட கேள்விகள்

‘எழுதிக் கொடுத்துடும்மா’ என்று பிள்ளைகள் கேட்பதும், ‘எழுதிக் கொடுத்துட்டேன்’ என்று பெற்றோர் சொல்வதும் நம் வீடுகளில் சாதாரணம். என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டால்தான் சிக்கல். கிரயம், தான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில் என எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருப்பது இந்த ஒரே வார்த்தை. சட்டத்தின் பார்வையில் ஒவ்வொன்றும் வேறு. ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு நாளைக்கே புதிதாக எழுதலாம். இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு சார்பதிவாளர் அலுவலகப் படியிறங்கிவிட்டால், போட்டவரே நினைத்தாலும் திரும்ப முடியாது.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே தொடக்கப் பள்ளியில் 31 வருடங்கள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்த அம்மாவை ஊரில் எல்லோரும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது 68. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மூத்த மகள் புதுச்சேரியில், இளைய மகள் திருப்பூரில், நடுவில் பிறந்த மகன் சென்னையில். டீச்சர் பெயரில் இரண்டு சொத்துகள். 1991-ல் வாங்கிய அரை கிரவுண்டில் இப்போது குடியிருக்கும் வீடு. அதை ஒட்டி, 1998-ல் பி.எஃப் கடன் போட்டு வாங்கிய இன்னொரு அரை கிரவுண்ட் காலிமனை. இரண்டுமே அவர் சம்பளத்தில் வாங்கியவை.

மகனுக்கு ஊருக்கே திரும்பி வந்துவிட ஆசை. காலிமனையில் வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டான். மனை உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்றது வங்கி. பத்திர எழுத்தரைப் பார்த்து வரைவும் தயார் செய்துகொண்டு வந்துவிட்டான். “ஒரு கையெழுத்துதாம்மா. புதன்கிழமை டோக்கன் போட்டுடலாம்.”

டீச்சர் உடனே மறுக்கவில்லை. “வெச்சுட்டுப் போ தம்பி, படிச்சுப் பாத்துடறேன்” என்றார். முப்பது வருடம் பரீட்சைப் பேப்பர் திருத்திய பழக்கம். சிவப்பு மை பேனாவை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

பத்திர மொழி தனி மொழி. ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்’, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாக’, ‘தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு உட்பட்டு’ என்றெல்லாம் வரும். ஏதோ மந்திரம்போல் நாம் கடந்துபோய்விடுவோம். உண்மையில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. ‘பாத்தியம்’ என்றால் உரிமை. ‘சுவாதீனம்’ என்றால் சொத்து யார் கைவசம் இருக்கிறது என்பது. ‘தானாதி வினியோக விற்கிரயங்கள்’ என்றால், வாங்கியவர் அதைத் தானம் கொடுக்கலாம், யாருக்கும் மாற்றலாம், விற்கலாம் என்று அர்த்தம். ‘எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை’ என்ற வரிக்கு விளக்கமே தேவையில்லை. டீச்சர் அந்த வரியின் கீழ் கோடு போட்டார்.

ஆனால், அவர் பேனா நின்றது கடைசிப் பக்கத்தில், ‘சொத்து விவரம்’ என்ற தலைப்பின் கீழ். அங்கே இரண்டு அயிட்டங்கள் இருந்தன. முதல் அயிட்டம், காலிமனை. இரண்டாவது அயிட்டத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை விரலை வைத்துப் படித்தார். வடக்கே தெரு, கிழக்கே காலிமனை... அவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த வீடு!

இந்த இடத்தில் மகனை வில்லனாக்கிவிட வேண்டாம். போனில் கேட்டபோது அவன் மழுப்பவில்லை. “ரெண்டையும் ஒரே பத்திரத்துல போட்டா செலவு கம்மின்னு சொன்னாங்கம்மா. எப்படியும் நான்தானே உன்னைப் பாத்துக்கப்போறேன்.” செலவுக் கணக்கில் அவன் சொன்னது சரிதான். தமிழகத்தில் கிரயப் பத்திரம் என்றால் முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 30 லட்சம் மதிப்புள்ள சொத்துக்கு 2,70,000 ரூபாய். குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மென்ட்டுக்கோ முத்திரைத்தீர்வை 1 சதவிகிதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவிகிதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் இந்த உச்சவரம்பை உயர்த்திய பிறகும்கூட, கிரயத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. டீச்சரின் வீடும் மனையும் சேர்ந்து அரசு வழிகாட்டி மதிப்பில் 30 லட்சம் என்றால், ஒரே பத்திரத்தில் 40,000 ரூபாயில் முடியும். தனித்தனியாக எழுதினால் 10,000 ரூபாய் கூடுதல். அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்க ஒரு வீடே பட்டியலில் ஏறியிருந்தது.

டீச்சரிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது பக்கத்து ஊர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். வரைவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டீச்சர் அங்கே போனார். முதல் கேள்வியே நேரடியாக இருந்தது.

“நாளைக்கு எனக்கு மனசு மாறினா இதை ரத்து பண்ண முடியுமா?”

“முடியாது டீச்சர். உயிலா இருந்தா முடியும். செட்டில்மென்ட்ல முடியாது.”

பலரும் தடுமாறும் இடம் இது. உயில் என்பது எழுதியவர் இறந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை அது வெறும் காகிதம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். அதில் குறிப்பிட்ட வீட்டை எழுதியவரே விற்றுவிட்டாலும் யாரும் கேள்வி கேட்க முடியாது. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

செட்டில்மென்ட் அப்படியல்ல. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க, இரண்டு சாட்சிகளுடன் பதிவு செய்த பத்திரம் வேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே உரிமை கைமாறிவிடும். ‘நான் விரும்பும்போது ரத்து செய்துகொள்வேன்’ என்று உள்ளே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். கொடுத்தவர் இஷ்டத்துக்கு ரத்து செய்யலாம் என்று எழுதினால், அந்தத் தானமே செல்லாது என்கிறது அதே சட்டத்தின் 126-வது பிரிவு. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் தனியாக ஒரு ரத்துப் பத்திரம் போட்டுவிடலாம் என்ற வழியும் அடைபட்டுவிட்டது. கிரயத்தையோ செட்டில்மென்ட்டையோ ஒரு தரப்பு மட்டும் வந்து ரத்து செய்தால் பொதுவாகப் பதியக் கூடாது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஏமாற்றி வாங்கினார்கள், மிரட்டி வாங்கினார்கள் என்றால் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். 68 வயதில் அது எத்தனை வருடப் பயணம் என்று சொல்லத் தேவையில்லை.

“மேலே உயில்னு தலைப்புப் போட்டுட்டா?” என்று டீச்சர் விடவில்லை.

“தலைப்பைப் பாத்து மார்க் போட மாட்டாங்க டீச்சர், உள்ளே என்ன எழுதியிருக்குன்னுதான் பாப்பாங்க” என்று சிரித்தார் அந்தப் பெண். அப்பா ஒருவர் ஆயுள் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு மகளுக்கு எழுதிக் கொடுத்த கேரள வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். பெயர் முக்கியமில்லை; அன்றே உரிமை போய்விட்டதா, இறந்த பிறகுதான் போகுமா என்பதே கேள்வி. அன்றே போய்விட்டது என்று முடிவானதால், அப்பா தனியாகப் போட்ட ரத்துப் பத்திரம் நிற்கவில்லை.

பெற்றோருக்குக் கதவே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23. அடிப்படை வசதிகளையும் அன்றாடத் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் 60 வயதைத் தாண்டியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். இதற்கு சிவில் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும்.

அந்த ‘நிபந்தனை’ என்ற சொல்லில்தான் இத்தனை வழக்குகளும். அப்படி ஒரு நிபந்தனை இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது 2022 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2025 ஜனவரியில் வந்த மத்தியப் பிரதேச வழக்கில், தானப் பத்திரத்தில் அந்த வரி இல்லாவிட்டாலும், அம்மாவைப் பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்த தாளைக் கணக்கில் எடுத்து, வீட்டை அம்மாவுக்கே திருப்பித் தரச் சொன்னது அதே நீதிமன்றம். அடுத்த இரண்டு மாதங்களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நாகப்பட்டினம் வழக்கு. 87 வயது மூதாட்டி. மூன்று மகள்கள் இருந்தும், பார்த்துக்கொள்வான் என்று நம்பி ஒரே மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மகன் இறந்துபோனான். மருமகள் கவனிக்கவில்லை. கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார். ‘அன்பின் பேரில் எழுதிக் கொடுக்கிறேன்’ என்பதிலேயே கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று உயர் நீதிமன்றம் அந்த ரத்தை உறுதிசெய்தது.

பெற்றோர் பக்கம் காற்று வீசுவதுபோல் தோன்றினாலும், இந்த இரண்டு அம்மாக்களும் எத்தனை வாசல் ஏறி இறங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேச அம்மாவுக்கு கோட்ட அளவில் வெற்றி, ஆட்சியரிடம் வெற்றி, உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியிடம் வெற்றி, அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் தோல்வி, பிறகுதான் உச்ச நீதிமன்றம். பத்திரத்தில் நாலு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இதில் பாதி அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

அந்த நாலு வரியை எழுதித் தருகிறேன் என்றார் வழக்கறிஞர். கூடவே, டீச்சர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் ‘ஆயுட்கால அனுபவ உரிமை’யையும் சேர்க்கலாம் என்றார். அதை வைத்துக்கொண்டு தானம் கொடுத்தாலும் சட்டப்படி செல்லும். ஆனால், அம்மாவின் ஆயுள் உரிமை இருக்கும் சொத்தின் பேரில் கடன் தர வங்கிகள் யோசிக்கும். கடன் வாங்கத்தானே இந்த ஏற்பாடே?

“அப்போ மகள்களும் கையெழுத்துப் போடணுமா?”

“வேண்டாம் டீச்சர். இது உங்க சம்பாத்தியம், உங்க பேர்ல இருக்கு. நீங்க யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். இதுவே உங்க வீட்டுக்காரர் பேர்ல இருந்து, அவர் உயில் எழுதாம இறந்திருந்தா கதை வேற. மனைவி, மகன், மகள்கள்னு எல்லாருக்கும் சமபங்கு. அவரோட அம்மா அப்போ உயிரோடு இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. மகனுக்கு மட்டும் வரணும்னா, மத்தவங்க விடுதலைப் பத்திரம் எழுதித் தரணும்.”

டீச்சர் பேசாமல் இருந்தார். விடுதலைப் பத்திரம் என்ற சொல்லை அவர் முன்பே கேட்டிருக்கிறார். கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய 60 சென்ட் நிலம் கிராமத்தில் இருந்தது. அவர் இறந்த அடுத்த வருடம், பட்டாவை மகன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று மூன்று பெண்களும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். பட்டா என்பது வருவாய்த் துறை யாரிடம் வரி வாங்குவது என்று வைத்திருக்கும் கணக்கு. அது மட்டுமே உரிமையைக் கொடுத்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. கூட்டுப் பட்டா கேட்டு, நான்கு பெயரையும் சேர்த்திருந்தாலே போதும். அன்றைக்கு அவர்கள் கையெழுத்திட்டது பட்டா விண்ணப்பத்தில் அல்ல. நான்கில் மூன்று பங்கை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து நகலை எடுத்துப் படித்தார் டீச்சர். அம்மா, மகள்கள் என மூன்று பெயர்கள், மூன்று பெருவிரல் ரேகைகள். இளையவளுக்கு அப்போது கைக்குழந்தை. வெயிலில் நின்று ரேகை வைத்துவிட்டு, மை போகக் கையைக் கழுவிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறியது அவருக்கு ஞாபகம் வந்தது. அவளும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

அந்த நிலத்தை இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால், அந்த ராத்திரியில்தான் டீச்சர் முடிவெடுத்தார் என்று சொல்ல வேண்டும். காலிமனை மகனுக்கு, செட்டில்மென்ட்டாக, முழுதாக. பார்த்துக்கொள்ளும் நிபந்தனையைக்கூட அதில் போட வேண்டாம் என்றுவிட்டார். “குடுக்கறதுன்னா குடுத்துடணும். பேங்க்ல அவன் சங்கடப்பட வேண்டாம்.” வீடு கடைசிவரை தன் பெயரிலேயே இருக்கும். தனக்குப் பிறகு இரண்டு மகள்களுக்கும் சமமாக, உயிலாக.

வழக்கறிஞருக்கு அந்த நிபந்தனையை விடுவதில் சம்மதமில்லை. வாதாடிப் பார்த்தார். டீச்சர் இறங்கி வரவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் டீச்சர் செய்தது தப்பு என்பார்கள். குடியிருக்கும் வீடும் பென்ஷனும் கையில் இருப்பதால் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருப்பது ஒரே வீடு, வேறு வருமானமில்லை என்ற நிலையில் இருக்கும் அம்மாக்கள் இதைப் பார்த்து அப்படியே செய்துவிடக் கூடாது.

மனையை நேரில் பார்க்க வந்தபோது வழக்கறிஞர் ஒன்றைக் கவனித்தார். வீட்டுக்குத் தண்ணீர் வரும் போர்வெல் காலிமனையின் மூலையில் இருந்தது! மனை போனால் தண்ணீரும் போகும். பெரிய பெரிய சட்டமெல்லாம் பேசிவிட்டு, தினம் குளிக்கிற தண்ணீரை இருவரும் மறந்திருந்தார்கள். பத்திரத்தில் புதிதாக ஒரு பாரா ஏறியது. அந்த போர்வெல்லிலிருந்து குழாய் வழியாக வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளவும், பழுதுபார்க்கப் போய் வரவும் வீட்டின் உரிமையாளருக்கு உரிமை உண்டு. ‘டீச்சருக்கு’ என்று எழுதாமல் ‘வீட்டின் உரிமையாளருக்கு’ என்று எழுதியது, நாளைக்கு மகள்கள் காலத்துக்கும் சேர்த்து.

உயிலுக்கு சாட்சி தேடியது தனிக்கதை. கூடப் பணியாற்றிய இரண்டு டீச்சர்களின் பெயரைச் சொன்னார். இருவருக்கும் 70-க்கு மேல். “உங்களைவிட இளையவங்களா பாருங்க டீச்சர்” என்றார் வழக்கறிஞர். நாளை உயில் நீதிமன்றத்துக்குப் போனால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து, கூண்டில் ஏறி, என் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்ல வேண்டும். கடைசியில் அவரிடம் படித்த ஒரு மருந்துக்கடைக்காரரும், தபால் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் சாட்சியானார்கள். நல்ல சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழும் வாங்கி இணைத்தார்கள். சட்டம் கேட்கவில்லை, பின்னால் யாரும் ‘அம்மாவுக்குப் புத்தி சரியில்லாதப்போ வாங்கிட்டாங்க’ என்று கிளப்பாமல் இருக்க.

கட்டாயமில்லை என்றாலும் உயிலைப் பதிவும் செய்தார். வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடுமே என்று அவருக்குத் தயக்கம் இருந்தது. தெரியாது. கிரயம், செட்டில்மென்ட், அடமானம் எல்லாம் பதிவாகும் 1-ம் புத்தகத்திலிருந்துதான் வில்லங்கச் சான்று எடுக்கப்படுகிறது. உயில்கள் பதிவாவது 3-ம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிர வேறு யாருக்கும் அதன் நகல் கிடைக்காது. வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுபவர்கள் இதையும் ஞாபகத்தில் வைக்கலாம். விற்பவரின் அப்பா உயில் எழுதி வைத்திருந்தால், அதில் தெரியாது.

ரகசியமாக வைக்க வழி இருந்தும் டீச்சர் வைக்கவில்லை. பொங்கலுக்கு மூன்று பிள்ளைகளும் வந்திருந்தபோது சாப்பாடு முடிந்ததும் சொன்னார். மகன் முகம் சுருங்கியது. “என்மேல நம்பிக்கை இல்லையாம்மா?” என்றான். “உன்மேல இருக்கு தம்பி. அந்த 60 சென்ட்ல இவளுங்களுக்கு என்ன கிடைச்சுது?” என்றார் டீச்சர். மூத்தவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். இளையவள்தான், “அது என்ன கையெழுத்துன்னே எனக்குத் தெரியாதும்மா” என்றாள். அதன் பிறகு ஒரு மாதம் மகனிடமிருந்து போன் குறைவாகத்தான் வந்தது. ‘பத்திரம் என்னைக்குப் பதியலாம்’ என்று கேட்டபோதும் குரலில் பழைய உற்சாகம் இல்லை.

மனையின் மதிப்பு 11 லட்சம். முத்திரைத்தீர்வை 11,000, பதிவுக் கட்டணம் உச்சவரம்புப்படி 10,000. தனிப் பத்திரம் என்பதால் கூடுதலான செலவை டீச்சரே கொடுத்தார். பட்டாவும் மகன் பெயருக்கு மாறியது, கடனும் கிடைத்தது. இப்போது அங்கே பேஸ்மென்ட் வேலை நடக்கிறது. போர்வெல் இருப்பது மகன் மனையில். மோட்டார் சுவிட்ச் இருப்பது டீச்சர் வீட்டு அடுக்களையில். சிமென்ட் பூச்சுக்குத் தண்ணீர் விட வேண்டுமென்றால், கொத்தனார் தினம் காலையில் மதில் ஓரம் வந்து குரல் கொடுக்கிறார்: “டீச்சர், மோட்டார் போடுங்க!”